மற்றக் காலைப் பார்த்துச் செய்தவர்

சண்டைக் காலத்தில் ஒருநாள் ஹெலிச் சத்தம் கேட்டு, பதுங்குவதற்கு நானே வெட்டிய பங்கருக்குள் நானே பாய்ந்து, வலது குதிகால் எலும்பை நொறுக்கிக்கொண்டேன். ஹெலி என்னைப் பொருட்படுத்தாமல் காங்கேசன்துறைப் பக்கம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த எலும்பு டொக்டர் ஒல்லியான மனிதர். மேற்சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. உடைந்த காலை அவர் ஒருபோதும் தனியாகப் பார்ப்பதில்லை. நல்ல குதியை ஒரு கையிலும் உடைந்ததை மறு கையிலும் ஏந்தி, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பவர்போல அமுக்கி ஒப்பிடுவார்.

"மாஸ்ரர், பெரிசா வெட்டித் திறந்தால் உந்தத் தோல் அழுகிப்போகும். அதுக்கு மருந்தும் இல்லை. பின்னாலை சின்னத் துளை போட்டு, கம்பியாலை எலும்பைக் கிளப்பி விடுறன். பிசகினால் ஆயுளுக்கும் நொண்டல்தான்."

"எக்ஸ்றே எடுத்து எடுத்துப் பாத்துத்தானே செய்வியள்?"

"அவ்வளவு படத்துக்கு எங்கை போறது? உங்கடை மற்றக் காலைப் பாத்துச் செய்வன்."

நாற்பத்தைந்து வருடம் யாரும் மதிக்காத என் இடது கால் ஒப்பரேசன் அன்று பாடப்புத்தகமாயிற்று. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்ததால், அவர் அதை அடிக்கடி தடவிப் பார்ப்பதை நான் விழித்தபடியே கண்டேன்.

மூன்று மாதம் கழித்து, "நடவுங்கோ" என்றார். நான் நடக்க, அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சீமெந்துத் தரையில் என் காலடிச் சத்தத்தைக் கேட்டார்.

"இரண்டும் ஒரே சத்தம். போயிட்டு வாங்கோ."

இன்றுவரை நொண்டாமல் நடக்கிறேன். அவர் என் முகத்தை ஒரு தடவையாவது பார்த்தாரா என்பதுதான் தெரியவில்லை.