கொல்லங்கோட்டில் இறங்கிய தலைப்பாகை

இன்றைய பாசஞ்சரில் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

மூன்றாம் வகுப்புக்கு இன்னொரு பெட்டி கேட்டுப் போன எங்களிடம், "இருக்கிற பெட்டியிலேயே இடம் தாராளம்" என்று சிரித்த ரயில் இன்ஸ்பெக்டரை மறந்திருக்க மாட்டீர்கள்.

பாலக்காட்டில் இன்று அவருடைய முதல் வகுப்புப் பெட்டி பழுதானதால் அதைக் கழற்றிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் கோட்டும் தலைப்பாகையுமாக எங்கள் பெட்டியில் ஏறினார்.

கொல்லங்கோடு வந்ததும், "இறங்கணும், வழி விடுங்க!" என்று கத்தினார்.

வாசலில் கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்தபடி எலப்புள்ளி மாரக்கா நின்றிருந்தாள். கூடையை இறக்கி வைக்கக்கூட இடமில்லை.

"ஏனுங்க, எடந்தான் தாராளமா இருக்குதுங்களே! அப்புடியே கைய வீசி நடந்து வாங்க."

பெட்டியே சிரித்தது. நான் கொஞ்சம் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை.

கொல்லங்கோட்டில் இறங்கியது அவருடைய தலைப்பாகை மட்டும்தான்.

அடுத்த ஸ்டேஷனில் ஒருவழியாக அவரும் இறங்கினார். திரும்பிப் போக சாயங்காலம்தான் வண்டி. அந்த ஸ்டேஷனுக்குக் குடிதண்ணீர் வசதி வேண்டுமென்று முன்பு நாங்கள் கேட்டபோது, "அந்தக் காட்டில் தாகத்துக்கு ஆள் ஏது?" என்றவரும் இவரே.

இப்போது ஓர் ஆள் இருக்கிறார்.

சாயங்கால வண்டியில் வருகிற வாசகர்கள் ஒரு வரி எழுதுங்கள்: ஏறுவதற்கு இடம் கிடைத்ததா அவருக்கு?