பிளக் அக்காவின் பொத்தான்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பிளக் அக்கா என்றால்தான் தெரியும். நீதிமன்றத்துக்கு எதிரே, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் மட்டும் கொள்ளுகிற தட்டச்சுக் கடை அவளுடையது. வானம் லேசாக உறுமினாலே ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். பட்டம் அப்படித்தான் வந்தது. வைரஸுக்குப் பயந்து கணினிக்கு இணையம் கொடுக்கவில்லை, யாருடைய பென் டிரைவையும் செருக விட்டதில்லை. யார் முழங்காலாவது பட்டு அணைந்துவிடும் என்று பவர் பொத்தான்மேல் ஒரு பாட்டில் மூடியைக் கவிழ்த்து டேப் ஒட்டியிருப்பாள். காலையில் பிரிப்பாள், அமுக்குவாள், மறுபடி ஒட்டுவாள். பதினொரு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை டேப்பைப் பிரித்து அமுக்கினாள். உள்ளே காற்றாடி விர்ரென்று கிளம்பியது. நான்கு எண்ணுவதற்குள் நின்றுபோனது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள். அதே விர்ர், அதே மௌனம்.

வாசல் பெஞ்சில் வேலை பறிபோன பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார். தான் செய்யாத விபத்துக்கு வேலை போய்விட்டது என்று ஒன்பது நாள் அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்த மேல்முறையீட்டு மனு, நாற்பத்தொரு பக்கம், அந்தக் கணினிப் பெட்டிக்குள் இருந்தது. வேறு நகல் கிடையாது. மனு கொடுக்கக் கடைசி நாள் இன்று. மதியம் ஒரு மணிக்கு நீதிமன்றத்தில் மனு வாங்கும் ஜன்னலை அடைத்துவிடுவார்கள்.

"என்னம்மா, வண்டி ஸ்டார்ட் ஆகலியா?" என்றார் அவர், சிரித்தபடி.

"இருங்கண்ணே, கொஞ்சம் மக்கர் பண்ணுது."

சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே உறைந்தது. "உள்ளதானே இருக்கு என் பேப்பரு?"

அவள் கணினி மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் ஊருக்கு வெளிய இருக்கேன். சாயங்காலம்தான் வர முடியும்."

"சாயங்காலம் வந்து என் கருமாதிக்கு உக்காரு. தம்பி, இப்பவே ஏதாவது சொல்லுடா!"

அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். அதே சுவர் பிளக்கில் மேசை விளக்கைச் செருகினாள்; எரிந்தது. திரைக்கு மின்சாரம் போகும் ஒயரைக் கழற்றிக் கணினிக்கு மாட்டிப் பார்த்தாள், பலனில்லை, பழையபடி மாட்டினாள். மணி பதினொன்றே முக்கால்.

"பெட்டியோட சைடு மூடியத் தொறக்கா."

"ஐயோ, நான் அதைத் தொட்டதே இல்லடா."

"மொதல்ல பிளக்கப் புடுங்கு. அதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே."

உள்ளே தூசி பஞ்சுபோல் படிந்திருந்தது. முன்பக்கப் பொத்தானிலிருந்து வருகிற மெல்லிய ஒயரைப் மதர்போர்டு பலகையிலிருந்து உருவச் சொன்னான். அது மாட்டியிருந்த இடத்தில் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இப்பப் பிளக்கப் போடு. ஸ்க்ரூ டிரைவர் நுனியால அந்த ரெண்டையும் சேத்து ஒரு செகண்டு தொடு. வேற எதையும் தொட்றாத."

"ஷாக் அடிச்சா?"

"அடிக்காதுக்கா."

பிளக்கைப் போட்டு ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாள். நுனி பக்கத்து ஊசிக்கு நழுவப் பார்த்தது. டிரைவர் எழுந்து வந்து டார்ச்சைப் பிடித்தார். அந்த வெளிச்சமும் ஆடியது. "சும்மா தொடும்மா. போனா ரெண்டு பேரும் சேந்து போவோம்."

கண்ணை மூடாமல் தொட்டாள். விர்ர். நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணினாள். பத்தில் திரை ஒளிர்ந்தது. டிரைவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப பொத்தான்தான் மாட்டிக்கிச்சு. அமுங்குனபடியே இருந்தா நாலு செகண்டுல அதுவே அணைஞ்சிரும். அதுமேல ஏதாவது ஒட்டுனியாக்கா?" என்றான் மெக்கானிக்.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். பொத்தான் பள்ளத்துக்குள் அமுங்கியபடியே கிடந்தது. சுற்றிலும் பதினொரு வருடப் பசை, கறுப்பாக. அமுக்கியதை விடாமல் அதுவே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. "இல்லையேடா," என்றாள். டிரைவர் மேசையில் கிடந்த பாட்டில் மூடியைப் பார்த்தார்.

முதல் வேலையாக அவரை பக்கத்துக் கடைக்கு ஓடவிட்டுப் புது பென் டிரைவ் ஒன்று வாங்கிவரச் செய்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒன்றைச் செருகினாள். மனு அதில் ஏறிய பிறகே பிரிண்டரைத் தொட்டாள். ஒவ்வொரு பக்கமும் வெளியே வரும்வரை மூச்சை அடக்கியிருந்தாள். நாற்பத்தொன்றாவது பக்கத்தைச் சூடாகவே வாங்கிக்கொண்டு அவர் ஓடினார்.

ஒரு மணிக்கு முன்பே முத்திரை விழுந்த ரசீதோடு ஒன்றேகாலுக்குத் திரும்பி வந்தார். அணைத்தால் திரும்பக் கிளம்பாதோ என்ற பயம் அவளுக்கு. சாயங்காலம் மெக்கானிக் வரும்வரை கணினியை அணைக்காமலே உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு வானம் உறுமியது. கை தானாகப் பிளக்குக்குப் போனது. அங்கேயே நின்றது.