கோகிலா மெதுவானவள் அல்ல

கோகிலாவின் வேலை போனதற்குக் காரணம் நான். மேனேஜர் அல்ல, அவளும் அல்ல. நான்!

இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இல்லையென்றால் நடுவழியில் எங்காவது கதையை எனக்குச் சாதகமாக வளைத்துவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு நிறையவே உண்டு. ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய கணினியில் இருந்த குறை எனக்குத் தெரியும். அதைச் சரிசெய்யவும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்... அவளை வீட்டுக்கு அனுப்பும்வரை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு பல் ஆஸ்பத்திரியின் மாடியில் எங்கள் அலுவலகம். வெளிநாட்டு நிறுவனங்கள் அனுப்பும் உதிரிபாகப் பட்டியல்களை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, ஒழுங்குபடுத்தித் திருப்பி அனுப்புவதே அங்கு வேலை. கணினிகளைப் பராமரிப்பவன் நான். "மாதேஷண்ணாவைக் கூப்பிடு" என்றால் எந்தக் கோளாறும் தீர்ந்துவிடும் என்று பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது என்று எழுதலாமா? வேண்டாம். யாரும் என்னைக் கெடுக்கவில்லை, நானேதான் கெட்டேன்.

எங்கள் வேலைக்கு உயிர்நாடி ஒரு சின்ன வசதி. சாதாரணமாக மவுஸை இழுத்தால் எழுத்துகள் வரிவரியாகத்தான் தேர்வாகும். கீபோர்டில் ஆல்ட் சாவியை அழுத்திக்கொண்டு இழுத்தால், மேலிருந்து கீழாக ஒரு பத்தி மட்டும் தனியே பிடிபடும். பட்டியல் முழுவதும் விலையை மட்டும் நீக்க வேண்டுமா? ஒரே இழுப்பு. அந்த வசதி இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியாகப் போய் அழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அலுவலகத்தில் நாங்கள் இதை நெட்டிழுப்பு என்போம்.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைக் கொண்டுவந்தது என் யோசனை. விண்டோஸ் வாங்காமலேயே பழைய கணினிகளை ஓட்டலாம் என்று மேனேஜருக்கு நான்தான் ஆசை காட்டினேன். "ஒரு வசதியும் குறையாதுங்க சார். எடிட்டர் அதேதான்" என்றேன். முதலில் ஒரே ஒரு கணினியில் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. புதிதாகச் சேர்ந்திருந்த கோகிலாவை அதில் உட்காரவைத்தார்கள்.

ஓமலூரிலிருந்து வருகிறவள் அவள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காலையில் பஸ் ஏறுவாள். "ஆறு மாசம் போய்ப் பாருன்னாங்கண்ணா. வேலை பர்மனென்ட் ஆகலைன்னா ஊட்டோட இருந்துக்கணும்னு பேச்சு" என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லாம் தெரிந்துதான் செய்தேன் என்பதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

வந்த சில நாட்களிலேயே கூப்பிட்டாள். "ஏனுங்கண்ணா, ஆல்ட்டை அமுக்கி இழுத்தா எழுத்து புடிபடல. எடிட்டரே நகுந்து போவுதுங்க."

நான் இழுத்துப் பார்த்தேன். உண்மைதான். எழுத்துகள் அப்படியே இருக்க, எடிட்டர் முழுதும் திரையில் ஒரு மூலைக்கு வழுக்கிக்கொண்டு போனது. மெனுவில் தேடினேன், எடிட்டரை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன், இணையத்தில் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. பின்னால் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல்! அது என் வாயில் வரவில்லை. பதிலுக்கு ஒரு பிரசங்கம் வந்தது. லினக்ஸின் அமைப்பே வேறு, அதன் அடித்தளம் வேறு, அதில் நெட்டிழுப்பு என்பது எந்தக் காலத்திலும் வராது என்று அடித்துப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மேனேஜரின் மேக் கணினியில் இதே எடிட்டர் இருந்தது. அதில் ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன் சாவி. கணினிக்குக் கணினி சாவிதான் மாறும், வசதி இருக்கும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேசுகிற மும்முரத்தில் உறைக்கவில்லை.

"அப்ப சார்கிட்டச் சொல்லி விண்டோஸ் மெஷின் கேக்கட்டுங்களாண்ணா?" என்றாள் கோகிலா.

எனக்குப் பகீரென்றது. ஒரு வசதியும் குறையாது என்று வாக்குக் கொடுத்தவன் அல்லவா? "சார்கிட்ட நீ எதுவும் சொல்ல வேண்டாம்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கணினிக் குறையை யாரும் நேராக மேனேஜரிடம் கொண்டுபோகக் கூடாது. என் வழியாகத்தான் போக வேண்டும். மீறிப் போனவர்களை அவர், "ஆடமாட்டாதவ கூடம் கோணல்னாளாம்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி அனுப்புவார். அந்தப் பழமொழிக்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. கோகிலாவும் திறக்கவில்லை.

அடுத்த வாரம் திருச்செங்கோட்டில் ஒரு நண்பனின் ஸ்டுடியோவுக்குப் போய் அதே லினக்ஸை நிறுவிக்கொண்டிருந்தேன். அமைப்புகளைப் புரட்டும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. திரையில் உள்ள பெட்டிகளை நகர்த்தும் சாவி: ஆல்ட். அவ்வளவுதான்! ஆல்ட்டை லினக்ஸே தன் வேலைக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. எடிட்டரிடம் அந்தச் சாவி போய்ச் சேரவே இல்லை. அதை வேறொரு சாவிக்கு மாற்றிவிட்டு இழுத்தேன். பத்தி அழகாகப் பிடிபட்டது.

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததோ வெட்கம். இத்தனூண்டு விஷயமா? இதற்கா அத்தனை பெரிய பிரசங்கம் செய்தேன்?

தேடிக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாகவே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். எந்தக் காலத்திலும் வராது என்றவன், ஒரு வாரத்தில் போய் ஒரு பொத்தானைத் தட்டி வரவழைத்தால் சிரிக்க மாட்டார்களா? நாமக்கல்லில் புதுக் கிளை திறக்கும் பேச்சு வேறு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. அதன் கணினிப் பொறுப்பு எனக்கு என்று மேனேஜர் கோடி காட்டியிருந்தார். சரி, லினக்ஸின் அடுத்த பதிப்பு வரட்டும், அதில் வந்துவிட்டது என்று சொல்லிச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்!

அந்தப் பதிப்புக்காக நான் காத்திருந்தேன். கோகிலா வரிவரியாக அழித்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடுவாள். சோற்று டப்பாவைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்வாள். மணிக்கட்டு வீங்கித் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தைலம் வாங்கிக் கொடுத்தேன். "எதுக்குங்கண்ணா உங்களுக்குச் சிரமம்" என்று கண் கலங்க வாங்கிக்கொண்டாள். சாவியை மாற்றுவதற்கு அந்தத் தைலம் வாங்கப் போன நேரம்கூட ஆகியிருக்காது... நான் மாற்றவில்லை!

ஆறு மாதத் தவணை முடிந்தது. மேனேஜர் தன் அறைக்கு அவளைக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார்.

"மத்தவங்க முடிக்கறதுல பாதிகூட இந்தப் பொண்ணு முடிக்கல. மெஷின்ல ஏதாச்சும் கோளாறு இருக்குதா மாதேஷ்?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க சார்."

பொய் என்றுகூட யாரும் சொல்ல முடியாது. மெஷின் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு அவள் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

கோகிலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நெட்டிழுப்பு வரவில்லை, மாதேஷண்ணாவுக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே அகப்பட்டிருப்பேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் மனசுக்குள் ஒரு குரல் கெஞ்சியது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். அப்படி ஒன்றும் கெஞ்சவில்லை. சொல்லிவிடக் கூடாதே என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

"நீ ஏதாச்சும் சொல்றியாம்மா?" என்றார் மேனேஜர்.

"இல்லீங்க சார். எனக்குத்தான் கை வேகம் பத்தலீங்க."

நான் சொல்ல வேண்டாம் என்றதை அவள் காப்பாற்றினாள். அன்று மாலையே சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகும்போதும் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள்.

புதிதாக ஒரு பையன் வருகிறான் என்றதும், அவன் வருவதற்கு முன்பே அந்தச் சாவியை மாற்றி வைத்தேன். கூட வேலை செய்கிறவர்களிடம் புதுப் பதிப்பில் வசதி வந்துவிட்டது என்றேன். யாரும் துருவிக் கேட்கவில்லை. பையன் மளமளவென்று முடித்துத் தள்ளினான். மேனேஜர் என் தோளில் தட்டி, "அதே மெஷின்தானே மாதேஷ்? எல்லாம் ஆளப் பொறுத்துத்தான்" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன்.

நாமக்கல் பொறுப்பும் எனக்கே வந்தது. அங்கே எல்லாக் கணினிகளிலும் லினக்ஸ்தான். ஒவ்வொன்றிலும் முதல் வேலையாக ஆல்ட் சாவியைத்தான் மாற்றுகிறேன்.

போன மாதம் ஓமலூர் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ஒதுங்கிவிடலாம் என்று தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவள் பார்த்துவிட்டாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"நல்லா இருக்கீங்களாண்ணா?" என்றாள். கணவர் உரக்கடை வைத்திருக்கிறாராம். பில் போடக் கணினி வாங்கியிருக்கிறாராம். "நீதான் ஆபீஸ்ல இருந்தவ, நீயே போடுங்கறாருங்க. நான் அதைத் தொடறதே இல்லீங்கண்ணா. நமக்கு வராதுன்னு அங்கயே தெரிஞ்சு போச்சே."

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். உனக்கு வரும் கோகிலா, நீ மெதுவானவள் அல்ல, வசதியில்லாமலேயே நீ கிட்டத்தட்டப் பாதி முடித்தாய், அது எங்களில் யாராலும் முடியாது... தொண்டைவரை வந்தது. அதற்குள் அவள் மகளின் தலையைத் தடவி, "சாமி, மாமாவுக்கு வணக்கம் சொல்லு. அம்மா வேலைக்குப் போனப்போ எனக்காகப் பாத்தது இவரு ஒருத்தருதான்" என்றாள்.

குழந்தை கைகூப்பியது.

"பஸ் வந்துருச்சு, வாரேம்மா" என்று சொல்லிவிட்டு, எதிரில் நகர்ந்த பஸ்ஸில் தாவி ஏறிக்கொண்டேன். நான் போக வேண்டியது சேலத்துக்கு. அது மேட்டூர் பஸ். எங்கே போகணும் என்று கேட்ட கண்டக்டரிடம் மேட்டூருக்கே டிக்கெட் வாங்கினேன். ஜன்னலுக்கு வெளியே கோகிலா மகளின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டவைத்துக்கொண்டிருந்தாள். நானும் காட்டினேன்.