வேப்பிலைத் தண்ணீரும் தாராப் புழுவும்

பேராதனைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில், செத்துக் கிடைக்கும் காட்டுத் தாரா வாத்துகளின் குடலைக் கழுவிப் புழுக்களைப் பிரித்தெடுப்பது என் வேலை. பத்து வருஷமாக இதைத்தான் செய்கிறேன். புழுவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம் என்ற மண்டைக்கனமும் இருந்தது.

மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை தொடங்க எட்டு நாள் இருக்கும்போது, பல்லேகலயில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றது. அவள் வயலோரக் குட்டையில் இறங்கி உடுப்புக் கழுவினாள். மறுநாள் காலெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரி. என் வீட்டுக்காரர் பார்த்ததுமே அம்மா போட்டிருக்கு, அம்மைதான் என்றார். நாங்கள் இருவருமே பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மைக்கு மருந்து கொடுப்பது வழக்கமில்லை. வீட்டில் இறைச்சியை நிறுத்தி, வாசலில் வேப்பிலை செருகினோம். பொரி முழங்காலுக்கு மேலே ஏறவே இல்லை. பார்த்தேன், யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாயோ இன்னும் காய்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் அதே குட்டையில் இரண்டு வாளி மொண்டு வந்தார். வேப்பிலை போட்டு, சற்று நேரம் வெயிலில் வைத்து, அம்மனைக் கும்பிட்டு என் கையாலேயே பிள்ளையின் தலையில் ஊற்றினேன். அன்று பின்னேரமே கழுத்திலிருந்து பாதம்வரை பொரிந்துவிட்டது. இப்படியே எப்படிப் பரீட்சை எழுதுவது என்று புத்தகத்தை வீசிவிட்டு அழுதாள். இன்னொரு தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும் என்றார் அவர்.

மறுநாள் வேலையில், ஆய்வை நடத்தும் மேடம் நத்தைகளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு வெயிலில் வைக்கச் சொன்னார். தாராவின் எச்சத்தோடு விழும் புழு முட்டை தண்ணீரில் பொரித்து நத்தைக்குள் போகும். நத்தையிலிருந்து வால் பிளந்த குஞ்சுப் புழு வெளியே வந்து, தோல் வழியே நுழையத் தாராவைத் தேடும். கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் குட்டையிலும் தினமும் தாரா இறங்குகிறது.

அடுத்த நாள் குட்டை நத்தைகள் நாலைந்தை ஜாம் போத்தலில் கொண்டுபோனேன். ஒரு மணித்தியாலத்தில் வால் பிளந்ததுகள் நீந்தின. மனுசத் தோலுக்குள் நுழைந்தால் அதோடு செத்துப்போகும், கடியும் அரிப்பும்தான் மிச்சம், சில நாளில் அடங்கும், எதற்கும் டாக்டரிடம் காட்டு என்றார் மேடம். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் வாளி, வேப்பிலையோடு தயார். மகள் துவாயைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். வாளியைக் காலால் தள்ளிவிட்டேன்.

வீட்டுக்காரர் ஓடிவந்து வாளியை நிமிர்த்தினார். "அம்மா தண்ணியப் போய்க் கொட்டிட்டியே."

"அம்மாவும் இல்ல, ஒன்னும் இல்ல. தாராவுக்குப் போக வேண்டிய புழு. நான்தான் அவ தலையில ஊத்தியிருக்கேன்."

டாக்டரும் அம்மை இல்லை என்றார். பரீட்சையன்று காலை, கைகால் முழுக்க ரோஸ் நிற மருந்தைப் பூசிக்கொண்டு மகள் என்னோடு பஸ்ஸுக்கு நின்றாள்.

"நீங்க தினம் பாக்குற புழுதானேம்மா?"

ஆமா என்றேன்.

"ஒரு தாராவப் பாக்குற மாதிரி என்னையும் பாத்திருக்கலாம்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.