மீன்காரி வீட்டுத் தவக்காலம்

ஒகேனக்கல்லில் ஒரு பேச்சு. மீன் வறுத்து விற்கிற அருள்ராணி ஊருக்கெல்லாம் தட்டுத் தட்டாகப் போடுகிறாளாம், அண்டி வந்த தம்பி மகளுக்கு மட்டும் ஒரு துண்டு கொடுக்கமாட்டாளாம். கிளப்பியது பக்கத்துக் கடை சசிகலா. அவள் வாய்க்குள் போன சேதி கண், காது, மூக்கு எல்லாம் வைத்துக்கொண்டுதான் வெளியே வரும். உள்ளது வேறு, அதைக் கேளுங்கள்.

பெங்களூரில் கட்டட வேலையில் சாரம் சரிந்து அந்தத் தம்பி மகள் மோனிஷாவின் அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்தது. அம்மா ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். வாடகை வீடும் போனது. பத்து வயதுப் பிள்ளையை, அதுவரை முகமே பார்த்திராத அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த அத்தைதான் அருள்ராணி; பிள்ளையின் அப்பாவுக்குப் பெரியப்பா மகள். புருஷன் டேவிட்ராஜ் பரிசல் ஓட்டுகிறவர்.

வந்த அன்றே கெண்டை வறுவலை வைத்தாள். பிள்ளை தட்டைத் தள்ளியது.

"ஏன் கண்ணு?"

"தவக்காலம்ங்க அத்தை. அப்பா எந்திரிச்சு நடக்கணும்னு மீனு வுட்டுட்டேன்."

அருள்ராணிக்குக் கண் கலங்கிவிட்டது. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்றுகூட முள்ளை உறிஞ்சியவள் அவள். சின்னது விட்டபிறகு பெரியவள் தின்பதா? தானும் விட்டாள், புருஷனையும் விடவைத்தாள்.

"நானென்ன பாவம் பண்ணேன்?"

"பண்ணலியா? வாயத் தொறக்கட்டுமா?"

மனிதர் ரசத்தைக் குடித்துவிட்டுப் பரிசலுக்குப் போனார்.

மோனிஷா கடைப்பக்கம் வந்தால் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்வாள். ஜெபிக்கிறாள் என்று நினைத்து, அத்தை சத்தம் காட்டாமல் மீனைத் திருப்புவாள்.

இதற்குள் சசிகலாவின் பேச்சு பரிசல் துறைவரைக்கும் போய்விட்டது.

"மானம் போவுது ராணி. ஈஸ்டர் முடிஞ்சதும் அவங்கம்மாகிட்டயே பஸ் ஏத்தி வுட்டுரலாம்," என்றார் டேவிட்ராஜ்.

"ஆஸ்பத்திரி வராண்டாலயா படுக்கும் புள்ள? இருங்க. அந்த சசிகலா கண்ணு முன்னாலயே புள்ளய திங்க வெக்கிறேன்."

கதவோரம் நின்ற மோனிஷா இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் அருள்ராணி சசிகலாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள். மோனிஷாவுக்கு, தட்டுக்கு வெளியே வால் நீட்டுகிற மீன். பிள்ளை அதைப் பார்த்தது, அத்தையைப் பார்த்தது, தொடவில்லை.

"பாத்தியாக்கா? குடுத்துப் பழக்கமில்ல, புள்ள பயப்படுது," என்றாள் சசிகலா.

இத்தனை நாள் ஏக்கத்தோடு எடுத்த துண்டை டேவிட்ராஜ் அப்படியே கீழே வைத்தார். அருள்ராணிக்கு முகம் சிறுத்துப்போனது.

"நீயே சொல்லு கண்ணு. அத்தை உன்னப் பட்டினி போட்டனா?"

"பட்டினியும் இல்ல, தவமும் இல்ல. எனக்கு மீனு புடிக்காது. அந்த நாத்தமே வவுத்தப் பொரட்டுது. மொதல்லயே சொன்னா மீன்காரங்க வூட்டுல யாரு வெச்சிக்குவாங்க? அதான் சொல்லல. அனுப்பாதீங்க அத்தை. முட்டை இருந்தா போடுங்க."