தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலையில் ஒரு வசதி உண்டு: நோயாளி நம்மைக் குறை சொல்லமாட்டார். அவருக்கும் சேர்த்துச் சொல்ல வராந்தாவில் ஒரு கூட்டம் காத்திருக்கும். எண்பதுகளில் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருந்தேன். கால் வீங்க நின்று, ஆறிப்போன காபியைக் குடித்து, எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. ஆனாலும் சொல்கிறேன். சொன்னால் கால்வலி கொஞ்சம் குறைகிறது.

எந்த நேரம்?

பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவரின் மனைவிக்கு முதல் பிரசவம். குழந்தை வெளியே வந்ததும் அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. வாயிலிருந்த சளியை உறிஞ்சி எடுத்து, துணியால் துடைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அப்புறம் நல்ல அழுகை. கடவுளுக்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

கதவைத் திறந்து, ஆண் பிள்ளை, நன்றாக இருக்கிறான் என்றேன். அவர் தாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஜாதகம் எழுத நேரம் கேட்டார். பிள்ளை அழுத நேரத்தைச் சொன்னேன். விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டார். முகம் வாடிப்போனது. "அது ராகு காலத்துல விழுதே சிஸ்டர். தலை தெரிஞ்ச நேரத்தைச் சொல்லுங்க, ஒத்து வருதான்னு பாப்போம்."

முகம் பார்க்காத தாய்

மற்றதெல்லாம் ஒரே குழந்தையின் கதை. பந்தல்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து முத்துலட்சுமி என்ற பெண் வந்தாள். ஏற்கெனவே பெற்ற இரண்டும் தீட்டுக் கழிவதற்குள் போய்விட்டன. மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தை மாதம் நிறையாதது, ஒன்றரைக் கிலோதான் இருந்தது. பாலை உறிஞ்சப் பலமில்லை. உள்ளங்கால் சில்லென்று இருந்தது. சூடு குறையாமல், வயிறு காயாமல் பார்த்துக்கொண்டால் பிழைக்கும். இல்லாவிட்டால் இல்லை.

தாயோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளையைப் பக்கத்தில் கொண்டுபோனால் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இப்படியும் ஒரு பெற்றவளா என்று நான் கத்திவிட்டேன். துணைக்கு வந்திருந்த நாத்தனார் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போனாள். "வையாதீக சிஸ்டர். மொத ரெண்டையும் மொகம் பாத்துப் பாத்துத்தான் பறிகுடுத்தா. இதையும் எம்பிள்ளைன்னு சொன்னா இதுவும் போயிருமின்னு பயப்படுறா."

வியாபாரம்

மறுநாள் காலையில், பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பேச்சியம்மாள் வந்து நின்றாள். எதற்கு என்று கேட்டால், தவிட்டுக்கு விற்பதற்காம். பிள்ளை தங்காத வீடுகளில் இப்படி ஒரு வழக்கம். வேறொரு பெண்ணிடம் தவிடு வாங்கிக்கொண்டு, பிள்ளையை அவளுக்கு விற்றதாகப் பேர் பண்ணுவார்கள். அது இனி அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தேடி வருகிற எமன் ஏமாந்து போய்விடுவான் என்று நம்பிக்கை. வாங்க ஊரில் ஆள் தயாராம். மார்கழிக் குளிரில் ஒன்றரைக் கிலோ பிள்ளையைப் பஸ்ஸில் கொண்டுபோனால் எமனுக்கு அலைச்சல் மிச்சம்.

டாக்டர் சொல்லிப் பார்த்தார். பேச்சியம்மாள் அசையவில்லை. நான் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்கிற கிறிஸ்தவப் பெண். இருந்தும் அலுப்பில் வாய் முந்திக்கொண்டது. "விக்கத்தானே போறீக? எனக்கு வித்துருங்க" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கடைக்குப் போய், முந்தியில் தவிட்டை முடிந்துகொண்டு வந்து என் கையில் கொட்டி, அதையே என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். பாதி தரையில் சிந்தியது. பார்த்துக்கொண்டிருந்த ஆயா அந்தோணியம்மாள் துடைப்பத்தை என் பக்கம் நீட்டினாள். "பிள்ளைய வாங்கினவுகதான் கூட்டணும்."

உங்க பிள்ளை அழுகுது

அன்றிலிருந்து எனக்கு உட்கார நேரமில்லை. சிணுங்கினால், "சிஸ்டர், உங்க பிள்ளை அழுகுது." துணி நனைந்தால், "உங்க பிள்ளை ஈரம் பண்ணிருச்சு." ஒரு லாபமும் இருந்தது. பிள்ளை நாக்கில் சேனை வைக்கிறோம் என்று சீனியைத் தண்ணியில் கரைத்துக்கொண்டும், குளிப்பாட்ட வெந்நீர் தூக்கிக்கொண்டும் வந்த சொந்தக்காரர்களை எல்லாம், "எம்பிள்ளை, நான் சொல்றதுதான்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். விலை கொடுத்து வாங்கியவளிடம் யாரும் வாதாடவில்லை.

ஒரு பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு, அந்தச் சூட்டில் பிள்ளையை வைத்திருந்தோம். ஒரு மத்தியானம் கரண்டு போனது, வெகு நேரம் வரவே இல்லை. பிள்ளையின் கால் குளிர ஆரம்பித்தது. முத்துலட்சுமியிடம் ஓடி, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள் என்றேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்தா பாரு, இது எம்பிள்ளை. எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு. நீ இதை வச்சுப் பால் குடுக்கிற ஆளு, அம்புட்டுத்தான். வேற ஒரு ஒறவும் வேணாம்" என்றேன். பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். பிறகு சேலையை விலக்கிக் கையை நீட்டினாள். "அப்பச் சரி. உங்க பிள்ளைய நான் பாத்துக்கிறேன், நீங்க போயி ஒரு வாய் சாப்பிடுங்க."

ஒரு சுண்டு

கரண்டு வந்த பிறகும் பிள்ளை பெட்டிக்குத் திரும்பவில்லை. அவள் நெஞ்சிலேயே கிடந்தது. பாலைப் பீய்ச்சிப் பாலாடைச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். பிறகு பிள்ளை தானே சப்பிக் குடித்தது, எடையும் ஏறியது. மூச்சு வாங்குகிறதா, தோலை அழுத்தினால் மஞ்சள் தெரிகிறதா என்று நான் பார்க்கும்போதெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கையை மட்டும் பிள்ளைமேலிருந்து எடுக்கமாட்டாள்.

வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்கிற நாள் வந்தது. தூங்குகிற பிள்ளையின் உள்ளங்காலில் விரலால் சுண்டிவிட்டு, அழுகை பலமாக வருகிறதா என்று பார்ப்போம். சுண்டினேன். முகத்தைச் சுளித்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுண்டினேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தக் காலைத் தடவிக்கொடுக்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன். முத்துலட்சுமி என் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள். பேச்சியம்மாள் பதறி ஓடிவந்து அவள் வாயைப் பொத்துவதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. "பெத்தவ நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், எம்பிள்ளைய எதுக்கு இப்பிடிப் போட்டுச் சுண்டுறீக?"

இந்த வேலையில் யாராவது நன்றி சொல்வார்கள் என்று காத்திருந்தால் பென்ஷன்தான் வரும், நமக்கெல்லாம் வயிறு நிறைகிற மாதிரி கிடைப்பது இப்படி ஒரு திட்டுதான்.