என்னைக் கள்ளனாக்கிய கஜானி

“ஆரு நீங்க?” கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமலே கஜானி கேட்பாள். காலையில் அவளுக்குக் கேற்றைத் திறந்துவிட்டவன் நான். பிளேன்ரீயைக் கொண்டுபோய் மேசையில் வைக்கிறவனும் நான். ஆனாலும் கேட்பாள்.

எனக்கு அந்தக் கேள்வி ஆகாது. சுனாமிக்கு அடுத்த வருஷம் எங்கள் ஊர் கதிரவெளியில் நிவாரணத் தோணி கொடுத்தார்கள். என் முறை வந்து மேசைக்கு முன்னால் நின்றால், கோணாமலை முந்தநாளே கையெழுத்து வைத்துத் தோணியைக் கொண்டுபோய்விட்டார் என்கிறார்கள். கோணாமலை என்ற என் பெயர், தகப்பன் பெயர், வளவு இலக்கம் எல்லாவற்றையும் எவனோ பிசகாமல் சொல்லியிருக்கிறான். “அப்ப நீ ஆரு?” என்று கேட்டார் மேசைக்காரர். அடையாள அட்டையைக் கடல் கொண்டுபோயிருந்தது. வெறுங்கையோடு திரும்பினேன். பிறகு சண்டையில் ஊரே எழும்பி ஓடியது, திரும்பியும் வந்தது. அந்தத் தோணிக்காரன் ஆரென்று மட்டும் இன்றுவரை தெரியாது.

சண்டை முடிந்த வருஷம் நான் மட்டக்களப்பில், வாவிக்கரைச் சங்கமொன்றில் வாசல் காவல். மனிசி அன்னப்பூரணி ஊரில் தகரக் கொட்டிலில். கடலுக்கும் சண்டைக்கும் வீட்டைப் பறிகொடுத்த குடும்பங்கள் தங்கள் விபரத்தைத் தாங்களே பதிந்து, வீட்டுத் திட்டத்தில் தங்கள் பெயர் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு இணையத்தளம் வேண்டுமென்று சங்கம் முடிவெடுத்தது. அதைக் கட்ட வந்தவள்தான் கஜானி. கிரான் ஊர் வேளாண்மைக்காரரின் மகள், வயது இருபத்தாறு. இந்தப் பட்டியலிலும் என் பெயரை எவனாவது கொண்டுபோனால் அன்னப்பூரணி கொட்டிலிலேயே கிழவியாகிவிடுவாள். ஆகவே அந்தப் பிள்ளை செய்கிற வேலையைக் கண் வெட்டாமல் பார்த்தேன்.

கதிரையில் சம்மணம் போட்டுத்தான் இருப்பாள். பிளேன்ரீக்குச் சீனி கலக்க மாட்டாள். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கி நக்கிக் குடிப்பாள். சிக்கல் வந்தால் கொண்டையை அவிழ்த்து மறுபடி போடுவாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கொண்டை.

இரண்டாம் கிழமை என்னைக் கூப்பிட்டு, மற்றக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்தினாள்.

“இண்டைக்கு நீங்கதான் கள்ளன், மாமா. உள்ளுக்க பூந்து பாருங்க.”

நான் அஞ்சாம் வகுப்பு, எனக்கென்ன தெரியும் என்றேன்.

“படிச்ச கள்ளன் எப்பிடி வருவான் எண்டு எனக்குத் தெரியும். ஊர்க் கள்ளன் வாற வழி உங்களுக்குத்தான் தெரியும்.”

ஒற்றை விரலால் தட்டினேன். எங்கள் ஊர் ரதீஸ் ஒத்திகைக்குப் பதிந்திருந்தான். இரகசியச் சொல் கேட்ட இடத்தில் அவன் மகள் பெயரைப் போட்டேன், திறக்கவில்லை. மனிசி பெயர், இல்லை. அவன் தோணியின் பெயரைப் போட்டேன், திறந்துவிட்டது. முகம் சுருங்குவாள் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டு கொப்பியில் எழுதினாள். அடுத்த நாள் அஞ்சு தரம் பிழையாகப் போட்டால் கதவு பூட்டிக்கொண்டது. தனிப் பெயரை இரகசியச் சொல்லாக வைக்கவும் விடவில்லை. அதன் பிறகு தினமும் நான் கள்ளன். இருபது நாளில் நாலு ஓட்டை பிடித்துக் கொடுத்தேன்.

உள்ளே போனவனை ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி ஆரென்று கேட்காமல் எப்படி விடுகிறது என்று கேட்டேன். ஆற்றில் மீன் பிடிக்கப் போகிறவன் ஆமிக்காரரின் சென்றியில் அடையாள அட்டையைக் காட்டி, நேரம் போட்டுச் சீல் குத்திய துண்டுச் சீட்டு வாங்குவானே, அதேதான் என்றாள். பிறகு துண்டைக் காட்டினால் போதும். நேரம் முடிந்தால் செல்லாது. ஒரு எழுத்தை மாற்றினாலும் சீல் காட்டிக்கொடுக்கும். டோக்கன் என்பது அதற்குப் பெயராம். முதலில் கால்மணி நேரம்தான் வைத்தாள். ஒற்றை விரல்காரர் பாதி விபரம் அடிப்பதற்குள் துண்டு செத்து, எல்லாம் அழிந்தது. நான் சத்தம் போட்டேன். எதிர்த்துப் பேசாமல் ஒரு மணித்தியாலமாக்கினாள்.

அவள் கோபப்பட்டதை ஒரு தரம்தான் கண்டேன். எங்கள் ஊர் இலட்சுமிப்பிள்ளை, பன்னிரண்டு வீட்டாரின் இரகசியச் சொற்களையும் ஒரே தாளில் எழுதி, சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். நிவாரணக் காலத்தில் ஒருத்தி பத்து வீட்டுக் கூப்பனையும் கொண்டுபோய் வரிசையில் நிற்பது எங்கள் வழக்கம். கஜானி கத்திவிட்டாள். “எல்லாரும் பஸ் ஏறி வர ஏலுமா புள்ள?” என்று மட்டும் கேட்டாள் இலட்சுமிப்பிள்ளை. அடுத்த கிழமை கஜானி கதிரவெளிக்குப் போய் மூன்று நாள் நின்றுவிட்டு வந்து, இன்னொரு வகைத் துண்டு செய்தாள். அதை வைத்திருக்கிறவர் அயல்வீட்டு விபரத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஒரு எழுத்தையும் மாற்ற ஏலாது.

ஒரு நாள் மடிப்புக் குலையாத சட்டையோடு செல்வாக்கான ஒருவர் வந்தார். சனம் பாவம், தன் ஆட்களே எல்லாருக்கும் நிரப்பிக் கொடுப்பார்கள், இரகசியச் சொற்களை மட்டும் தரவேண்டுமாம். என் தோணியைக் கொண்டுபோனவனும் இப்படித்தான் வந்திருப்பான். கஜானி கதிரையை விட்டு எழும்பவுமில்லை.

“என்னட்ட இல்ல, சேர். அந்தச் சொல்லெல்லாத்தையும் அரைச்சு மாவாக்கித்தான் வச்சிரிக்கன். மாவத் திருப்பி அரிசியாக்கத் தெரிஞ்சா ஆக்கித் தாங்க, நானும் பாப்பன்.”

அவர் போகும்போது எங்கள் சங்கத் தலைவரோடு பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேசினாரோ தெரியாது. அன்று அவளுக்கு நாலாவது கொண்டை. அதையும் போட்டுப் போட்டு அவிழ்த்தாள்.

ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் பதிந்தன. என் பெயர் நான் வைத்த இடத்திலேயே நின்றது.

கொழும்பில் வேலை கிடைத்துப் போகிற அன்று, பொறுப்பெடுக்க வந்த ஏறாவூர் சஹ்லாவுக்குக் கஜானி எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, எல்லாக் குடும்பத்தையும் பார்க்கக்கூடிய தன் சொந்தக் கணக்கைத் திரையில் விரித்தாள். ஓரத்தில் சிவப்புப் பட்டன்.

“அழிச்சு விடுங்க, மாமா. போறவளிட்ட சாவி இரிக்கக் கூடா. என்ர கையால அழிச்சா எங்கயாவது ஒரு ஓட்டை விட்டிருப்பன் எண்டு எனக்கே சந்தேகம் வரும்.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஒற்றை விரலை நீட்டினேன்.